மருத்துவமனையை மேம்படுத்த மாநகர் மன்றம் பத்திரம் வெளியிடலாமா? பினாங்கு மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கில் குடியிருப்போர் கூட்டங்களிலும் கோயில் மண்டபப் பேச்சுகளிலும் ஒரு யோசனை திரும்பத் திரும்ப எழுகிறது. பொது மருத்துவமனையில் கட்டில் போதவில்லை, கார் நிறுத்த இடமில்லை, நிபுணர் மருத்துவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அப்படியிருக்க, மாநகர் மன்றமே மக்களிடம் பத்திரம் விற்றுப் பணம் திரட்டிப் புதுக் கட்டடம் எழுப்பினால் என்ன? அமெரிக்காவில் அப்படித்தானே செய்கிறார்கள்?

நல்ல எண்ணத்தில் பிறந்த யோசனை. ஆனால் அது தட்டுவது தவறான கதவை. மருத்துவமனைக்காகப் பணம் திரட்டும் அதிகாரம் மன்றத்திடம் இல்லை. மன்றம் ஒத்துழைக்காமல் ஒரு கட்டடம் நேரத்தோடு எழும்புவதும் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் மக்களின் உழைப்பு வீணாகாது.

பத்திரம் என்பது என்ன? நன்கொடையா, முதலீடா, வரியா?

கடன். வாங்குபவர் கடன் கொடுக்கிறார், வெளியிடுபவர் கடன் வாங்குகிறார். குறித்த காலம்வரை ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று வருமானம் தந்து, காலம் முடிந்ததும் முதலைத் திருப்பித் தர வேண்டும். ஆகவே எந்தப் பத்திரத் திட்டத்திலும் முதலில் கேட்க வேண்டியது எவ்வளவு திரட்டுவோம் என்பதல்ல. ஆண்டுதோறும் யார், எந்த வருமானத்திலிருந்து திருப்பிக் கொடுப்பார்கள்? இதற்குப் பதில் இல்லாத இடத்தில் மற்றக் கேள்விகளுக்கு வேலையே இல்லை.

அமெரிக்காவில் உள்ளூராட்சிகள் இதை எப்படிச் செய்கின்றன?

சான் பிரான்சிஸ்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள பொது மருத்துவமனை நகர நிர்வாகத்துக்கே சொந்தம். பெரிய நிலநடுக்கத்தைத் தாங்காது என்று கருதப்பட்ட பழைய கட்டடத்துக்குப் பதிலாகப் புதியது கட்ட 887.4 மில்லியன் டாலர் பத்திரம் வெளியிடலாமா என்று 2008 நவம்பரில் வாக்காளர்களிடம் கேட்டார்கள். கலிபோர்னியாவில் இத்தகைய பத்திரத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலானவர்கள் சம்மதித்தார்கள். புதுக் கட்டடம் 2016-இல் திறக்கப்பட்டது.

அங்கு மூன்று காரியங்கள் ஒன்றுசேர்ந்தன. மருத்துவமனை நகரத்தின் சொத்து. கடனை அடைக்கச் சொத்து வரியைக் கூட்ட நகரத்துக்குச் சட்டப்படி உரிமை உண்டு. வரி கட்டப்போகிறவர்களே வாக்களித்துச் சம்மதம் தந்தார்கள். பத்திரம் வாங்கியவர்கள் நம்பியது மருத்துவமனையின் வருமானத்தை அல்ல, அந்த வரியை.

நம்மிடம் இந்த மூன்றும் இல்லை. நம் மக்களுக்கு அக்கறை குறைவு என்பது இதற்குப் பொருளல்ல. நம் அரசியலமைப்பு அதிகாரத்தை வேறு விதமாகப் பங்கிட்டிருக்கிறது.

பினாங்கு மாநகர் மன்றமோ செபராங் பிறை மாநகர் மன்றமோ மருத்துவமனைப் பத்திரம் வெளியிடச் சட்டம் இடம் தருகிறதா?

மருத்துவமனைக்காக என்றால் நடைமுறையில் முடியாது.

கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் மருத்துவமும் சுகாதாரமும், மருத்துவமனைகளும் மருந்தகங்களும் சேர்த்து, கூட்டரசுப் பட்டியலில் உள்ளன. ஊராட்சி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, மாநில அரசின் ஒப்புதலோடு மன்றம் கடன் வாங்க வழி விடுகிறது. ஆனால் அது மன்றம் தன் வேலைகளுக்காக வாங்கும் கடன். பொது மருத்துவமனையின் நிலம், கட்டடம், மருத்துவர், கட்டணம் எதுவும் மன்றத்துடையது அல்ல. தனக்குச் சொந்தமில்லாத கட்டடத்துக்காக, தன் கைக்கு வராத வருமானத்தைக் காட்டி யாரிடம் கடன் கேட்பது?

வாக்கெடுப்பும் நம்மிடம் இல்லை. மலாயாவிலேயே முதல் நகராண்மைத் தேர்தல் 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில்தான் நடந்தது. 1965-இல் உள்ளூராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976 சட்டம் வந்தபின் மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. இருபது ஆண்டுக் கடனை ஊர்மக்கள் தலையில் ஏற்றுமுன் அவர்களிடம் சம்மதம் கேட்க ஒரு வழிமுறை வேண்டும். அது இல்லாத நிலையில் மன்றம் பெருங்கடன் வாங்குவதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம்.

மாநில அரசு வெளியிட்டால்?

அரசியலமைப்பின் 111-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. மாநிலம் கடன் வாங்க மாநிலச் சட்டம் வேண்டும். அந்தச் சட்டமும் கூட்டரசிடமிருந்து வாங்கவோ, கூட்டரசு அங்கீகரித்த வங்கி அல்லது நிதி நிறுவனத்திடமிருந்து ஐந்தாண்டுக்கு மேற்படாமல் வாங்கவோதான் இடம் தரலாம். ஒரு மருத்துவமனைக் கட்டடம் நாற்பது ஐம்பது ஆண்டு நிற்கும். ஐந்தாண்டுக் கடனால் அதைக் கட்டினால் ஆண்டுத் தவணை கழுத்தை நெரிக்கும். மற்றவர் கடனுக்கு மாநிலம் உத்தரவாதம் தருவதற்கும் கூட்டரசின் அங்கீகாரம் வேண்டும். சபா, சரவாக்கிற்கு மட்டும் தனி விதி உண்டு.

அப்படியானால் அரசு மருத்துவமனை மேம்பாட்டுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

கூட்டரசின் மேம்பாட்டுச் செலவினத்திலிருந்து. அந்தப் பணத்தில் பெரும்பகுதி பத்திரங்கள் மூலம் திரட்டிய பணமே. மலேசிய அரசாங்கப் பத்திரங்களும் அவற்றின் இஸ்லாமிய வடிவமான அரசாங்க முதலீட்டு வெளியீடுகளும் ஏல முறையில் விற்கப்படுகின்றன. ஏலத்தை நடத்துவது பேங்க் நெகாரா. இப்படி உள்நாட்டில் வாங்கிய கடன் மேம்பாட்டு நிதிக்குப் போக வேண்டும், சம்பளத்துக்கும் சலுகைக்கும் போகக்கூடாது. மொத்தக் கடனுக்கு உச்சவரம்பும் உண்டு. 2021-இல் அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 65 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அரசியலமைப்பின் 98-ஆம் பிரிவுப்படி கூட்டரசின் கடன் தவணை, அரசின் வருமானம் சேரும் பொதுக் கணக்கான திரட்டு நிதியின் மேல் நேரடியாகச் சுமத்தப்பட்ட செலவு. அதனால்தான் பெரிய நிதி நிறுவனங்கள் தயங்காமல் வாங்குகின்றன.

உங்கள் ஊழியர் சேம நிதி இந்தப் பத்திரங்களை வாங்கும் பெரிய முதலீட்டாளர்களில் ஒன்று. மாதாமாதம் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் பணத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே அரசுக்குக் கடனாகப் போய்க்கொண்டிருக்கிறது. "பொதுமக்கள் பணத்தில் மருத்துவமனை" என்பது இன்னும் வராத ஒன்றல்ல. எந்த மருத்துவமனைக்கு முதலில் போகிறது என்பதில்தான் மக்கள் குரல் தேவை.

ஒரு பத்திரத்தை அடைக்க ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும்? கணக்கோடு சொல்ல முடியுமா?

எடுத்துக்காட்டுக்காக மட்டும் ஒரு கணக்கு: 300 மில்லியன் ரிங்கிட், ஆண்டுக்கு 4 விழுக்காடு, 20 ஆண்டு.

வீட்டுக் கடன் போல முதலும் வட்டியும் சேர்ந்த சமத் தவணையாகக் கட்டினால் ஆண்டுக்குச் சுமார் 22.07 மில்லியன். இருபது ஆண்டில் மொத்தம் ஏறத்தாழ 441 மில்லியன்.

பத்திரங்கள் பொதுவாக அப்படி அடைக்கப்படுவதில்லை. ஆண்டுதோறும் 12 மில்லியன் வட்டியை மட்டும் கொடுத்துவிட்டுக் கடைசி நாளில் 300 மில்லியனை மொத்தமாகத் தருவார்கள். இதில்தான் பல ஊராட்சிகள் உலகெங்கும் வழுக்கி விழுந்திருக்கின்றன. 12 மில்லியன் என்பது சமாளிக்கக்கூடிய தொகைபோலத் தோன்றும். பதவியில் இருப்பவர்கள் அதைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள், இருபதாம் ஆண்டில் வருபவர் தலையில் 300 மில்லியன் விழும். இதைத் தடுக்க ஆண்டுக்குச் சுமார் 10 மில்லியனைக் கடனடைப்பு நிதியில் தனியே போட்டு வர வேண்டும். அந்த நிதியும் 4 விழுக்காடு ஈட்டினால் மொத்தச் சுமை அதே 22 மில்லியன்தான். பத்திரம் மலிவு என்று யாராவது சொன்னால், கடனடைப்பு நிதிக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

அந்த 22 மில்லியனை 150,000 வீடுகள் பங்கிட்டுக்கொண்டால் வீட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 147 ரிங்கிட். கட்டடத்துக்கு மட்டும். தாதியர் சம்பளமும் மருந்தும் மின்கட்டணமும் இதில் சேரவில்லை.

மருத்துவமனைக் கட்டணத்தைக் கொஞ்சம் உயர்த்தி அடைத்துவிடலாமே?

மலேசியக் குடிமக்களுக்கு அரசு மருத்துவமனையில் வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக் 5 ரிங்கிட், மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு 3 ரிங்கிட். 500 கட்டில்கள், ஆண்டு முழுவதும் ஒன்றுகூடக் காலியில்லை என்று வைத்துக்கொண்டாலும் வார்டுக் கட்டணம் 547,500 ரிங்கிட்டுக்கு மேல் தேறாது. மேலே சொன்ன தவணையில் நாற்பதில் ஒரு பங்கு. அந்தப் பணமும் மருத்துவமனைக் கணக்கில் தங்காது, கூட்டரசின் திரட்டு நிதிக்குப் போய்விடும்.

கட்டணத்தால் அடைக்க வேண்டுமென்றால் 3 ரிங்கிட்டை 120 ஆக்க வேண்டும். அப்புறம் அது பொது மருத்துவமனையாக இருக்காது. அந்த 1 ரிங்கிட்டை நம்பி வரும் தோட்டத்துப் பாட்டிகளுக்கும் தினக்கூலிக்காரர்களுக்கும் வேறு போக்கிடம் இல்லை. இதில் எங்களுக்கு இரண்டு எண்ணம் கிடையாது.

மருத்துவமனை விரிவடைந்தால் என் வீட்டுச் சுக்காய் பிந்து (மதிப்பீட்டு வரி) உயருமா?

கூட்டரசின் கடனுக்காக உயராது. மன்றம் மதிப்பீட்டு வரியை விதிப்பது உங்கள் வீட்டின் ஆண்டு மதிப்பின் மேல், அதாவது ஓராண்டில் அது ஈட்டக்கூடிய வாடகையின் மேல். சட்டப்படி உச்சவரம்பு ஆண்டு மதிப்பில் 35 விழுக்காடு. நடப்பில் விதிக்கப்படும் விகிதங்கள் அதைவிட மிகக் குறைவு. ஆனால் சுற்றுவட்டாரத்தில் வாடகை ஏறினால் மன்றம் மறுமதிப்பீடு செய்யும்போது உங்கள் ஆண்டு மதிப்பும் ஏறலாம். மறுமதிப்பீட்டு அறிவிப்பு வந்தால் அதில் குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்க உரிமை உண்டு.

கூட்டரசுக் கட்டடங்கள் இந்த வரியைக் கட்டுவதில்லை. அதற்கு ஈடாக அரசியலமைப்பின் 156-ஆம் பிரிவுப்படி கூட்டரசு மன்றத்துக்கு ஒரு பங்களிப்புத் தொகை தருகிறது. மருத்துவமனை பெரிதானால் அந்தத் தொகையையும் திருத்தி வாங்குவது மன்றத்தின் வேலை. மருத்துவமனையைச் சுற்றிய சாலைக்கும் வடிகாலுக்கும் அந்தப் பணத்தைக் கேட்பது நியாயமான கோரிக்கை.

சரி, மன்றத்தால் பணம் தர முடியாது. பிறகு எதற்கு அதன் ஆதரவு?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. ஒதுக்கீடு கிடைத்தும் இழுத்தடிக்கும் மருத்துவமனைத் திட்டங்கள் பெரும்பாலும் பணத்தால் நிற்பதில்லை. நிலம், வடிகால், சாலை, வாகன நிறுத்தம் என்று மன்றமும் மாநிலமும் கையாளும் விஷயங்களில் நிற்கின்றன.

முதலில் நிலம். மருத்துவமனை நிற்கும் இடம் கூட்டரசு நில ஆணையர் பெயரில் இருந்தால் பெரிய சிக்கல் இல்லை. விரிவாக்கத்துக்கு ஒட்டியுள்ள நிலம் தேவைப்பட்டால் கதை வேறு. மாநில நிலமாக இருந்தால் தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 62-ஆம் பிரிவின்கீழ் பொதுத் தேவைக்காக ஒதுக்கி அரசிதழில் வெளியிடலாம், அல்லது அரசியலமைப்பின் 83-ஆம் பிரிவுப்படி கூட்டரசு கேட்டுப் பெறலாம். பின்னதில் விலை பேச வேண்டிவரும். மாநில ஆட்சிக்குழு அடையாள விலையில் நிலம் தர முன்வந்தால் அதுவே கோடிக்கணக்கில் ரொக்கம் கொடுத்ததற்குச் சமம். தனியார் நிலமென்றால் 1960-ஆம் ஆண்டு நிலக் கையகப்படுத்தும் சட்டம், விசாரணை, இழப்பீடு, சில நேரம் நீதிமன்றம். பட்டியலில் இடம்பிடிக்க விரும்பும் திட்டத்துக்கு நிலத் தகராறைப் போல் எதிரி வேறில்லை.

அடுத்தது திட்டமிடல். 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, கூட்டரசு இலாகாக்கள் தங்கள் மேம்பாட்டு வேலைகள் குறித்து மாநிலத் திட்டக் குழுவைக் கலந்தாலோசிக்கச் சொல்கிறது. உள்ளூர்த் திட்ட வரைபடத்தில் அந்த நிலம் பொது வசதிக்கென்று குறிக்கப்பட்டிருக்கிறதா, கட்டட உயரத்துக்கும் அடர்த்திக்கும் என்ன வரம்பு என்பதை முன்கூட்டியே சரிசெய்து வைத்தால் பல மாதங்கள் மிச்சமாகும்.

வடிகாலை யாரும் கூட்டத்தில் பேசுவதில்லை. புதுக் கட்டடம் வந்தால் மண் மூடப்படும், மழைநீர் உடனே வடிகாலுக்கு ஓடும். நகர்ப்புற மழைநீர் மேலாண்மைக் கையேட்டின்படி அந்தக் கூடுதல் நீரை வளாகத்துக்குள்ளேயே தேக்கி மெல்ல விடும் தொட்டி வேண்டும். வெளியே உள்ள மன்றத்தின் வடிகால் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது என்றால் உள்ளே எவ்வளவு பெரிய தொட்டி கட்டினாலும் பயனில்லை. 2017 நவம்பர் 4, 5 நாட்களின் வெள்ளத்தைக் கண்ட பினாங்கு மக்களுக்கு, தரைத்தளத்தில் மின் அறையும் மருந்துக் கிடங்கும் வைத்தால் என்னாகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பிறகு வாகனம். பழைய மருத்துவமனைகளில் காலியாக இருக்கும் ஒரே இடம் கார் நிறுத்துமிடம்தான், ஆகவே புதுக் கட்டடம் அங்கேதான் வரும். கட்டி முடிக்கும் மூன்று நான்கு ஆண்டுகள் நோயாளிகளும் தாதியரும் எங்கே நிறுத்துவார்கள்? பக்கத்து மன்ற நிலத்தைத் தற்காலிகமாகத் தருவது, அங்கிருந்து சுழற்சிப் பேருந்து விடுவது, அவசர ஊர்திக்குத் தனித்தடம் ஒதுக்குவது, சாலையோரக் கடைகளுக்கு மாற்றிடம் தருவது எல்லாம் மன்றத்தின் கையில்தான். இவற்றைச் செய்ய நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.

மன்றம் ஆதரவுத் தீர்மானம் போட்டால் அதற்கு மதிப்பு உண்டா? எப்படி எழுதுவது?

"மேம்பாட்டை முழுமனதாக ஆதரிக்கிறோம்" என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் தூங்கும். மன்றம் தானே செய்யக்கூடியதை நாளோடு சொன்னால்தான் சுகாதார அமைச்சும் நிதியமைச்சும் அதைக் கையில் எடுத்துப் படிக்கும். ஏனென்றால் அவர்கள் அஞ்சும் தாமதங்களை அது குறைக்கிறது. பயன்படுத்திக்கொள்ள ஒரு மாதிரி:

"மருத்துவமனையின் புதிய பிரிவுக்காக, (1) மனை எண் இன்னதில் உள்ள மன்ற வாகன நிறுத்துமிடத்தைக் கட்டுமானக் காலம் முழுவதற்கும் கட்டணமின்றித் தர இம்மன்றம் ஒப்புகிறது. (2) இன்ன சாலையிலிருந்து இன்ன சாலைவரை வடிகாலை ஆழப்படுத்தும் வேலையை அடுத்த ஆண்டின் வரவு செலவில் சேர்க்கிறது. (3) முழுமையான விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து இத்தனை நாளில் முடிவு சொல்ல ஓஎஸ்சி (ஒரே இடச் சேவை) முகப்பிற்குப் பணிக்கிறது. (4) ஒட்டியுள்ள மாநில நிலத்தை ஒதுக்கித் தருமாறு ஆட்சிக்குழுவைக் கேட்டுக்கொள்கிறது."

இதை மன்றத்தில் கொண்டுவர உங்கள் பகுதிக்குப் பொறுப்பான மன்ற உறுப்பினரிடமோ எம்பிகேகே (கிராமச் சமூக நிர்வாக மன்றம்) தலைவரிடமோ கொடுங்கள். மன்றம் வேறு முடிவு எடுத்தாலொழிய முழு மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. போய் உட்காருங்கள். நகலைச் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். கடிதத்தை மலாயில் எழுதுங்கள். தமிழில் கையெழுத்து இயக்கம் நடத்தலாம், ஆனால் இலாகாவில் ஓடும் கோப்பு மலாயில்தான் ஓடும்.

எங்கள் மருத்துவமனைத் திட்டம் உண்மையிலேயே பட்டியலில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மேடைப் பேச்சை விடுங்கள். ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தோடு வெளியாகும் கூட்டரசுச் செலவின மதிப்பீட்டு நூல் நிதியமைச்சின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் சுகாதார அமைச்சின் நிர்வாகச் செலவு பி.42 என்றும், மேம்பாட்டுச் செலவு 'பெம்பாங்குனான்' என்ற மலாய்ச் சொல்லின் முதலெழுத்தோடு 42 என்றும் குறிக்கப்பட்டிருக்கும். மேம்பாட்டுப் பகுதியைத் திறந்து மருத்துவமனையின் பெயரையோ திட்டத்தின் பெயரையோ தேடுங்கள். மொத்தத் திட்டச் செலவையும் அந்த ஆண்டுக்கான ஒதுக்கீட்டையும் தனித்தனியே பாருங்கள்.

மொத்தச் செலவு பெரியது, அந்த ஆண்டு ஒதுக்கீடு வெறும் 10 ரிங்கிட் என்றிருந்தால் அது அச்சுப்பிழை அல்ல. தலைப்பைத் திறந்து வைக்கும் அடையாள ஒதுக்கீடு. திட்டம் உயிரோடு இருக்கிறது, ஆனால் அந்த ஆண்டு செங்கல் ஏறாது என்று புரிந்துகொள்ளலாம். பெயரே இல்லையென்றால் அடுத்த சுற்றுக்குத்தான் முயல வேண்டும்.

நடப்பது 13-ஆவது மலேசியத் திட்டத்தின் காலம், 2026 முதல் 2030 வரை. வரவு செலவு அறிக்கை வழக்கமாக அக்டோபரில் வாசிக்கப்படுகிறது. செப்டம்பரில் எழுதும் கடிதம் அந்த ஆண்டுக்குப் பயன்படாது. அமைச்சுகள் தங்கள் கோரிக்கையைத் தயாரிக்கும் ஆண்டின் முதல் மாதங்களிலேயே மாநிலச் சுகாதார இலாகாவின் கையில் அது இருக்க வேண்டும். மருத்துவமனையின் பார்வையாளர் வாரியமும் ஒரு நல்ல வழி. மலாயில் லெம்பாகா பெலாவாட் என்று கேட்டால் சொல்வார்கள். அதில் பொதுமக்களும் உறுப்பினர்களாக நியமிக்கப்படுகிறார்கள்.

மன்றத்திடமோ மாநில இலாகாவிடமோ உள்ள ஆவணங்களைப் பினாங்கின் 2010-ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். சுகாதார அமைச்சு கூட்டரசைச் சேர்ந்தது, அதை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது.

ஒதுக்கீடு வந்தபின் எங்கே தவறுகிறது?

அதிகம் காணப்படுபவை சில. மண் பரிசோதனையைச் சிக்கனமாகச் செய்துவிட்டு, அடித்தளத் தூண் இறக்கும்போது செலவு எகிறுவது. நோயாளிகள் இருக்கும் கட்டடத்தை ஒட்டி வேலை நடப்பதால் தூசி, அதிர்வு, சத்தம் காரணமாக வேலை நேரம் சுருங்குவது. துணை மின் நிலையத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்காமல், கட்டி முடித்த கட்டடம் மின்சாரத்துக்காகக் காத்திருப்பது. கழிவுநீர்க் குழாய், மருத்துவ ஆக்சிஜன் தொட்டி, தீயணைப்பு வாகனம் சுற்றிவரும் பாதை ஆகியவற்றைக் கடைசியில் செருகப் பார்த்து வரைபடத்தையே மாற்றுவது.

எல்லாவற்றிலும் வேதனையானது ஆளில்லாத வார்டு. கட்டடம் மேம்பாட்டுச் செலவில் வருகிறது, தாதியர் பணியிடங்கள் நிர்வாகச் செலவில் வருகின்றன. கேட்பதும் வேறு, ஒப்புதல் தருவதும் வேறு. கட்டடத்துக்குக் குரல் கொடுத்தவர்கள் பணியிடங்களுக்கும் அதே மூச்சில், அதே கடிதத்தில் கேட்க வேண்டும். கட்டில் எண்ணிக்கையை மட்டும் கேட்டால் கட்டில்தான் வரும்.

இன்னொன்று, கருவிகளையும் நீண்டகாலக் கடனில் வாங்குவது. ஸ்கேன் கருவியின் பயன்காலம் ஏறத்தாழ பத்து ஆண்டு. இருபதாண்டுப் பத்திரப் பணத்தில் அதை வாங்கினால் கருவி பழைய இரும்பான பிறகும் பத்து ஆண்டு தவணை ஓடும். கட்டடத்துக்கு நீண்ட கடன், கருவிக்குக் குறுகிய கடன் அல்லது குத்தகை என்பதே சரியான வழி.

தனிநபர் இத்தகைய பத்திரங்களை நேரடியாக வாங்கலாமா?

எப்போதாவது வாய்ப்பு வரும். 2020-இல் கூட்டரசு வெளியிட்ட சுக்கூக் பிரிஹாத்தின் என்ற இஸ்லாமிய முறைப் பத்திரம் நல்ல எடுத்துக்காட்டு. குறைந்தது 500 ரிங்கிட், இரண்டு ஆண்டு, ஆண்டுக்கு 2 விழுக்காடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமானம். வங்கிகள் வழியாக வாங்கலாம். 500 மில்லியன் எதிர்பார்த்த இடத்தில் 666 மில்லியன் ரிங்கிட் சேர்ந்தது. கோவிட் காலச் செலவுகளுக்கான நிதிக்கு அது போனது. விரும்பியவர்கள் முதலை நன்கொடையாக விட்டுவிடவும் வழி இருந்தது. மருத்துவமனைக்கென்று ஒரு மக்கள் சுக்கூக் வேண்டும் என்று கேட்பவர்கள் நிதியமைச்சிடம் இந்த முன்னுதாரணத்தைச் சுட்டிக்காட்டலாம்.

பங்குச் சந்தையில் விற்கப்படும் சுக்கூக்குகளும் உண்டு. 2013-இல் அரசு நிறுவனமான டானாஇன்ஃப்ரா நேஷனல், எம்ஆர்டி ரயில் திட்டத்துக்காக 300 மில்லியன் ரிங்கிட் அளவில் முதலாவதை வெளியிட்டது. இவற்றை வாங்க சிடிஎஸ் கணக்கும் (பங்குகளை மின்னியல் முறையில் வைத்திருக்கும் கணக்கு) பங்குத் தரகர் கணக்கும் போதும். ஆனால் இடையில் விற்க நினைத்தால் வாங்க ஆள் கிடைப்பது அரிது. முடிவுக் காலம்வரை வைத்திருக்க முடிந்த பணத்தை மட்டும் போடுங்கள். பத்திரம் வங்கி வைப்புத்தொகை அல்ல, 250,000 ரிங்கிட் வைப்புக் காப்புறுதி அதற்குப் பொருந்தாது.

சுக்கூக் என்பது இஸ்லாமியர்களுக்கு மட்டுமா?

இல்லை. யாரும் வாங்கலாம். வட்டிக்குப் பதிலாக, ஒரு சொத்தை வாங்கி விற்பதாலோ குத்தகைக்கு விடுவதாலோ வரும் இலாபம் என்ற முறையில் ஒப்பந்தம் அமைக்கப்பட்டிருக்கும்.

கடன் வேண்டாம், நன்கொடையாகவே தர விரும்புகிறோம். வழி?

சங்கங்களும் கோயில்களும் சக்கர நாற்காலி, இரத்த அழுத்தக் கருவி, டயாலிசிஸ் இயந்திரம் தர முன்வருவது பெரிய காரியம். வாங்குமுன் மருத்துவமனை இயக்குநரிடம் எழுதிக் கேளுங்கள். அவர்களிடம் உள்ள கருவிகளோடு ஒத்துப்போகாத மாதிரியை வாங்கினால் உதிரிப்பாகமும் பராமரிப்பும் கிடைக்காமல் அது மூலையில் நிற்கும். இரண்டாம் ஆண்டுப் பராமரிப்புச் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். சுகாதார அமைச்சு அங்கீகரித்த மருத்துவ நிலையத்துக்குத் தனிநபர் தரும் பணத்துக்கும் மருத்துவக் கருவிக்கும் 20,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு உண்டு. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

"மருத்துவமனைப் பத்திரம், மாதம் 5 விழுக்காடு உறுதி" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

மோசடி. அரசுப் பத்திரத்தில் மாதம் 5 விழுக்காடு ஒருபோதும் கிடைக்காது, தனிநபரின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பவும் சொல்ல மாட்டார்கள். பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாமல் உடனே 997-ஐ அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் அழைத்தால்தான் பணத்தைத் தடுக்கும் வாய்ப்பு இருக்கும்.

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கும் இதே வழிதானா?

பணத்தின் வழி அதேதான், கதவுகள் வேறு. அங்கு மாநில அரசோ சட்டமன்ற உறுப்பினரோ இல்லை. மாநகர் மன்றம் 1960-ஆம் ஆண்டு கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தின்கீழ் டத்தோ பண்டார் (மேயர்) பொறுப்பில் இயங்குகிறது, ஓர் ஆலோசனை வாரியம் துணை நிற்கிறது. திட்டமிடலுக்கு 1982-ஆம் ஆண்டுக் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம். ஆகவே மேலே தந்த மாதிரித் தீர்மானத்தை டத்தோ பண்டாருக்கான கோரிக்கைக் கடிதமாக மாற்றி, நான்காவது அம்சத்தில் ஆட்சிக்குழுவுக்குப் பதிலாகக் கூட்டரசுப் பிரதேச நில, கனிமவள அலுவலகத்தைக் குறிப்பிட்டு, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகக் கொடுங்கள்.